சாக்ஸ் வீட்டு உப்பு

நாசரேத்தில் தேவபிரசாதம் சார் கால் வைத்த இடத்திலெல்லாம் கடல் தண்ணீர் படியும். பெரிதாக ஒன்றும் இல்லை, பாதத்தின் அளவுக்கு ஓர் ஈரம். குதிகாலும் ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும், தொட்டு நாக்கில் வைத்தால் குழம்புக்கு ஆகிற நல்ல உப்பு. கிட்டத்துக் கடல் திருச்செந்தூரில் இருக்கிறது, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகாத மனிதர் அவர். இந்த விஷயம் ஊரில் முதலில் ஆடுகளுக்குத்தான் தெரிந்தது. சாக்ஸ் போட்டு, அதன்மேல் ஷூ போட்டு, சார் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவார். பின்னாலேயே மூன்று நான்கு வெள்ளாடுகள் போகும். சைக்கிளை விட்டு இறங்கினால் ஷூவை நக்கும். சார் பையில் அகத்திக்கீரை வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கணக்கு வாத்தியார் எதற்குப் பையில் அகத்திக்கீரை வைத்திருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அப்பேர்ப்பட்ட அறிவாளிகள் நாங்கள்.

அவருடைய தாத்தா வேதமாணிக்கம், வெள்ளைக்காரன் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சர்க்கார் கொட்டகையில் சிப்பி எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர். நாற்பது நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முழங்கால் தண்ணீரில் நின்று, படகிலிருந்து இறங்குகிற சிப்பியை எண்ணினாராம். அப்போது நனைந்த கால் பிறகு காயவில்லை, பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே வந்துவிட்டது என்பது குடும்பத்துக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதமாணிக்கத்தின் மகன் ஞானாபரணம், அதாவது தேவபிரசாதம் சாரின் அப்பா, அந்த முத்துக்குளிப்புக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டார். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி இருக்கிறது. அப்பா கால் நனைவதற்கு முன்பே பிறந்த பிள்ளைக்கு எப்படி ஈரக்கால் வந்தது? மூன்று தலைமுறையாக வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் இருந்த வீட்டில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னத்தைச் சொல்ல.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பையனுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் முதல் ஈரத் தடம் விழும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அப்பா ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து அவன் கையில் கொடுப்பார். "இத கழத்தாத" என்பார். அவ்வளவுதான், அப்புறம் சாகிறவரை அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஈரக்கால் வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான், எவன் பெண் எடுப்பான் என்பதுதான் காரணம். சித்திரை வெயிலிலும் சாக்ஸ் போடுகிறவர்கள் என்று ஊரில் அவர்களுக்குச் சாக்ஸ் வீட்டார் என்றே பெயர் விழுந்தது. வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் படித்த பெருமை என்று நாங்கள் முகத்தைச் சுளித்தோம். வேதமாணிக்கம் ஐம்பத்தெட்டு வயதில் போனார், அடக்கப் பதிவேட்டில் நீர்க்கட்டு, அதாவது மூத்திர அடைப்பு, என்று எழுதியிருக்கிறது. ஞானாபரணம் ஐம்பத்திரண்டு வயதில் போனார், இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறது. ஆம்பிளைகளுக்கு வெளியே சொல்ல முடியாத இடத்தில் வந்த நோய்களுக்கு அந்தக் காலத்தில் இடுப்பு வலி என்றுதான் பெயர். ஆனால் சாருக்கு ஆசீர்வாதம் பெரியப்பா என்று ஒருவர், அவரும் ஈரக்கால்தான், தொண்ணூற்றொரு வயதுவரை பல் விழாமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நம் வீட்டில் ஆயுசுக்கு என்ன குறை என்று யார் பேச்செடுத்தாலும் அவரைத்தான் காட்டுவார்கள்.

ஞானாபரணத்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் தேவபிரசாதம், ஆறு வயது இளையவர் நேசக்குமார். அப்பா இறந்தபோது நேசக்குமாருக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருஷம் அவனுக்குக் கால் ஈரமானபோது சாக்ஸ் எடுத்துக் கொடுக்க அப்பா இல்லை. அவன் அப்போது தூத்துக்குடியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். கடற்கரை ஊரில் ஈரக்கால் ஒரு அதிசயமா? எல்லோரும் கடலுக்குப் போய்விட்டு வந்து ஈரம் சொட்ட நடக்கிற ஊர். அவன் தடத்தை ஒருவரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பிழைப்பையும் அங்கேயே வைத்துக்கொண்டான். துறைமுகத்தில், கப்பல் ஜெட்டிக்கு வந்தால் வடத்தை வாங்கிக் கட்டுகிற வேலை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், வீட்டுக்கு வந்தால் கடல் தண்ணீர் என்று ஒரு பதில். அண்ணன் சாக்ஸ் போடுவது வாத்தியார் மிடுக்கு என்று தம்பி நினைத்தான். தம்பிக்குக் காய்ந்த கால் என்று அண்ணன் நினைத்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒருவர் காலை ஒருவர் பார்த்ததில்லை.

தேவபிரசாதம் சார் முப்பத்துமூன்று வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. கிருபை என்று ஒரு பெண், நிகழ்தகவுக் கணக்கில், முதலில் பூ விழுந்ததால் அடுத்து தலைதான் விழும் என்று எழுதிவிட்டாள். சார் அதற்கு முட்டை போட்டு, "நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது" என்று நூறு தடவை எழுதிவரச் சொன்னார். அந்தப் பெண் இப்போது வங்கியில் மேனேஜர், இன்றைக்கும் சாரைப் பார்த்தால் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். சாரின் மனைவி ஜெபகனிக்குக் கல்யாணமான மறுநாள் காலையிலேயே தரையில் உப்பைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி ஒரு ஜாடியில் போட்டாள். அந்த வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய்க்கு ஊரில் நல்ல பெயர், எந்த உப்பு போடுகிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். அந்த வீட்டில் மொத்தம் எத்தனை கால் ஈரம் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஏனென்றால் கூட்டுகிறவள் அவள்.

2019 கார்த்திகையில் சாருக்கு இடுப்பு வலித்தது. அறுபத்தொரு வயது, ஓய்வு பெற்று மூன்று வருஷம். தைலம் தேய்த்தார், வெந்நீர் விட்டார், பிறகு திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்த்தார்கள், சதையில் துளி எடுத்துப் பார்த்தார்கள், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நல்லவேளை, இடம்விட்டு நகரவில்லை, குணப்படுத்திவிடலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் ஐஸ்வர்யா கேட்டதற்கு, சார் யோசிக்காமல் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். இடுப்பு வலியும் நீர்க்கட்டும் புற்றுநோய்க் கணக்கில் வரும் என்று அவருக்குத் தெரியாது. பரிசோதனை மேஜைக்கு ஏறுவதற்காகச் சாக்ஸைக் கழற்றியவர் தரையில் ஏழெட்டுத் தடம் வைத்துவிட்டார். டாக்டர் குனிந்து பார்த்தார். தரை துடைக்க ஆள் கூப்பிட்டார். 'பாதத்தில் உப்புநீர்க் கசிவு, வலி இல்லை' என்று கோப்பில் எழுதிக்கொண்டு, "உங்க அப்பாவுக்கும் இப்படியா?" என்றார். ஆமாம் என்றதும், எதற்கும் ஜீன் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடலாம் என்று ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்.

பொங்கல் கழிந்து முடிவு வந்தது. பி.ஆர்.சி.ஏ. டூ என்ற ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சார், இந்த ஜீன் எல்லாருக்கும் இருக்கு. உள்ள டி.என்.ஏ. அறுந்துபோனா ஒட்டவைக்கிறது இதோட வேலை. உங்க வீட்ல அது சரியா ஒட்டமாட்டேங்குது. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல, வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, வந்தா கொஞ்சம் வேகமா வரும். நாப்பது வயசுலருந்து வருஷம் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா ஆரம்பத்துலயே பிடிச்சிரலாம். உங்க தம்பிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க." சொன்னதோடு விடாமல், தேதி போட்டு, முத்திரை குத்தி, சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, தெரிவிக்கவும் என்று ஒரு கடிதமும் கொடுத்தார். சார் அதை நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாக்ஸ் வைக்கிற டிராயரில், அடியில் வைத்தார்.

ஏன் வைத்தார் என்றால், மகள் ஷீஜாவுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் யாருக்கும் தும்மல்கூட வராது. சர்க்கரை உள்ளவர் கேசரி சாப்பிட்டுக் காட்டுவார், முழங்கால் வலிக்காரி மாடிப்படி ஏறிக் காட்டுவாள். மாப்பிள்ளை டெரன்ஸ் உப்பளம் சூழ்ந்த ஆறுமுகநேரிக்காரர், மஸ்கட்டில் வேலை. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நேசக்குமார்தான், அவருடன் வேலை செய்பவரின் சொந்தம். தம்பியிடம் சொன்னால் தம்பி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கும், மறைத்து வைக்கத் தெரியாத ஆள் அவர். 'ஓலை வாசித்துக் கல்யாணம் முடியட்டும், மறுநாளே சொல்லிவிடுகிறேன்' என்று சார் ஜெபகனியிடம் சொன்னார். அதற்கு மேல் மனசு உறுத்தியபோது ஒரு கணக்குப் போட்டார். அப்பாவுக்கு இருந்தது. இரண்டு பிள்ளைகள். பாதிக்குப் பாதி. ஒன்று எனக்கு வந்துவிட்டது, அப்படியென்றால் தம்பிக்கு இருக்காது. கால்கூடக் காய்ந்த கால்தானே. கணக்குச் சரியாக வந்ததில் சாருக்கு ஒரு நிம்மதி. கதிர்வீச்சு எடுக்கப் போன இருபது நாளும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஊருக்குச் சொன்னார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று குருவானவர் படித்துவிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் சார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஓலை வாசித்த அடுத்த வாரம் ஊரடங்கு வந்தது. கல்யாணம் தள்ளிப்போனது, மாப்பிள்ளை மஸ்கட்டில் மாட்டிக்கொண்டார். வாசித்த ஓலை காலாவதியாகிவிட்டது. மறுவருஷம் சித்திரையில் நாள் குறித்தார்கள், இரண்டாவது அலை அடித்தது. 'கல்யாணம் முடியட்டும்' என்ற அந்த மறுநாள் இப்படி ஒன்றரை வருஷத்துக்கு மேல் நீண்டது. இடையில் நேசக்குமார் வாரம் ஒரு முறை போன் செய்வார். "ஒடம்ப பாத்துக்கோங்கண்ணே, வயசானவங்களத்தான் பிடிக்குதாம்" என்பார். சரிலே, சரிலே என்று இவர் போனை வைத்துவிடுவார். அந்தப் போன்களில் ஏதாவது ஒன்றில் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு அவர் எல்லா நாளும் நினைத்தார்.

2021 ஆவணியில் மறுபடி மூன்று ஓலை வாசித்து, ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. சித்தப்பா நேசக்குமார்தான் எல்லா வேலையும்; பந்தல், பந்தி, வண்டி, வெற்றிலைத் தட்டு வரைக்கும். புது ஷூ கடித்துக் குதிகால் புண்ணாகிவிட்டதில், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக் கூடத்தைக் குறுக்கே கடந்து குளிக்கப் போனார். பிறகு காரில் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஜெபகனி கூட்ட வந்தவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவளுக்கு அந்த வீட்டுத் தடம் ஒவ்வொன்றும் தெரியும். "ஏங்க, இங்கன வாங்க. இது ஒங்க கால் இல்ல" என்றாள். சார் வந்து பார்த்தார். கூடத்தின் நடுவே ஒன்பது உப்புத் தடங்கள், அகலப் பாதம், கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம். அந்தப் பாதத்தை அவர் பதினெட்டு வயதில் கடைசியாகப் பார்த்திருக்கிறார், அப்பாவுடையது. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத்தான் சுண்டப்படுகிறது. ஒரு பிள்ளைக்கு விழுந்ததால் அடுத்த பிள்ளைக்கு விழாமல் இருக்காது. இந்தத் தப்புக்கு எத்தனை பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறார்! டிராயரை இழுத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைச் சுவரோரம் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். என்னமும் விசேஷமா என்று தம்பி கேட்டார். அண்ணன் ஷூவைக் கழற்றினார், சாக்ஸை உருவினார், சிமெண்டுத் தரையில் நாலடி நடந்து காட்டினார். நேசக்குமார் அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகத் தன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணன் தடத்துக்குப் பக்கத்திலேயே நாலடி நடந்தார்.

"யண்ணே! ஒங்களுக்கும் உண்டுமா?" என்று சத்தம் போட்டார். "நான் ஒத்தையிலல்லா கெடந்தேன் இம்புட்டு வருசமும்! பதிமூணு வயசுலருந்து! எனக்கு மட்டுந்தான்னுல்லா நெனச்சேன்!"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு. அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார், ஐம்பத்தேழு வயது மனிதர். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். இவ்வளவு சந்தோஷமாகத் தம்பியை அண்ணன் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நேசக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். மேலே தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார், விரல் அங்கேயே நின்றது.

"ஷீஜா கல்யாணத்துக்காவயாண்ணே?"

"ஆமாலே" என்றார் அண்ணன்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சுல்லா" என்றார் நேசக்குமார். "சாப்பாட்டக்கூட ஒருத்தரும் கொறை சொல்லலையே." பிறகு குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டதை அண்ணன் பார்த்தார். எவ்வளவு நாளாய் என்று கேட்டார். ஆறு மாசமாய், வடம் இழுக்கிற வேலையல்லவா என்றார் தம்பி.

திருநெல்வேலியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள், தம்பிக்குப் புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. மாத்திரை, ஊசி, மறுபடி ஊசி என்று டாக்டர் ஐஸ்வர்யா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். கடிதம் வந்த அன்றைக்கே வந்திருந்தால் குணமாகியிருப்பானா என்று சார் தனியாகப் போய்க் கேட்டார். "கண்டிப்பான்னு சொல்ல முடியாது சார். வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார் டாக்டர். எத்தனை சதவீதம் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்காமலே திரும்பி வந்துவிட்டார். அந்தக் கடைசி ஒன்றரை வருஷம் அவர் பாதி நாள் தூத்துக்குடியிலேயே இருந்தார். இரண்டு பேரும் சாக்ஸ் இல்லாமல், வீட்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே பேசுவார்கள். அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. தம்பி ஒரு தடவையாவது திட்டியிருந்தால் தேவலை என்று சார் ஜெபகனியிடம் சொல்லி அழுதார். 2023 மாசியில் நேசக்குமார் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் நடக்க முடியாமல் கிடந்தபோதும் படுக்கையின் கால்மாட்டில் விரிப்பு ஈரமாகவே இருந்தது. அவர் மகன் ஜெபின் அதை மாற்றிக்கொண்டேயிருந்தான்.

அடக்கத்துக்கு ஷீஜா மஸ்கட்டிலிருந்து வந்தாள். வாசலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்து, சித்தப்பாவின் தலைமாட்டில் நின்று அழுதாள். சார் தரையைப் பார்த்தார். வாசற்படியிலிருந்து பெட்டிவரைக்கும் சின்னச் சின்ன ஈரத் தடம். முதலில் கண் நிறைந்திருந்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தார். துடைத்துக்கொண்டு பார்த்தார், இருந்தது. ஆம்பிளைகளுக்குத்தான் வரும் என்று அந்த வீட்டில் யார் சொன்னார்களோ தெரியாது, மகள் காலை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எப்பருந்தும்மா?" என்றார்.

"பதிமூணு வயசுலருந்துப்பா. அம்மாதான் சாக்ஸ் வாங்கித் தந்தா."

சார் ஜெபகனியைத் திரும்பிப் பார்த்தார். நீங்க கேக்கலையே என்றாள் அவள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார் சார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேன்ப்பா, நடந்துங் காட்டிட்டேன். எங்க ஊர்ல உப்புப் படாத கால் யாருக்கு இருக்குன்னு சிரிச்சாரு. அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஏம்ப்பா கேக்கீங்க?"

ஓலை வாசிப்பதற்கு முன்பே தெரியும். முதல் மூன்று ஓலைக்கும் முன்பே. கடிதம் தெரியாதே தவிர, மகள் கல்யாணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் ஒளித்து வைத்த ஈரக்கால், மாப்பிள்ளை வீட்டுக்கு நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்த சங்கதி; அதற்குச் சிரித்தவர்கள் கடிதத்துக்கா ஓடியிருப்பார்கள். காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. சார் சுவரோரம் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸை உருவிச் சுருட்டி ஒரு ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் சாக்ஸ் போடவில்லை. கல்லறைத் தோட்டம்வரை வெறுங்காலோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தார், பக்கத்தில் ஷீஜா நடந்தாள், அவர்களுக்குப் பின்னால் தெருவில் இருந்த ஆடுகள் எல்லாம் வந்தன. ஒருவரும் விரட்டவில்லை.

பிறகு அவர் அந்தக் கடிதத்தை நாற்பது நகல் எடுத்தார். சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல், விளாத்திகுளம், பெரியதாழை, சாத்தான்குளம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் கூடத்தில் நடந்து காட்டிவிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு என்றார்கள். அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்து, திறந்ததும் கொடுத்துவிட்டு வந்தார். ஆசீர்வாதம் பெரியப்பாவின் பேரன் ஒருவனுக்கு நாற்பத்துமூன்று வயதில் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். ஷீஜா வருஷா வருஷம் மார்பு ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். ஜெபினுக்குக் காய்ந்த கால், ஆடு ஏறெடுத்தும் பார்க்காது. இருந்தாலும் டாக்டர் டெஸ்ட் எடுத்து, அவனுக்கு அந்த மாற்றம் இல்லை என்று உறுதி செய்தார். காய்ந்த கால்காரர்களும் ஐம்பது தாண்டினால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதோடு சேர்த்துச் சொன்னார். ஜெபினுக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்பாவிடமிருந்து அதுகூட எனக்கு வரலையே பெரியப்பா என்று கேட்டான், சார் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

நாசரேத்தில் இப்போது சாக்ஸ் வீட்டார் யாரும் சாக்ஸ் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனால் கோயில் தரையில் உப்பு பூத்துக் கிடக்கும், கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில் பிள்ளை கூட்டித் தள்ளுவார், வெளியே ஆடுகள் காத்திருக்கும். வெளியூரிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் முதல் வாரம் கேட்டார், இரண்டாம் வாரம் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் நேசக்குமார் நடந்த ஒன்பது தடங்களை ஜெபகனி அன்றைக்கே கூட்டாமல் விட்டாள், இன்றைக்கும் கூட்டவில்லை. வெயில் காலத்தில் அவை வெள்ளையாக இருக்கும். ஐப்பசியில் மழைக்காற்று வந்ததும் உப்பு ஈரம் கோத்துக்கொள்ளும், அப்போதுதான் ஒருவர் குளிக்கப் போயிருக்கிறார் என்பதுபோல ஒன்பது தடமும் நனைந்து கிடக்கும். சார் கூடத்தைக் கடக்கும்போது சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவார். யாராவது தெரியாமல் குறுக்கே வந்தால், "பாத்து வாங்க, அங்கன தம்பி நடந்திருக்கான்" என்பார். வந்தவர்களும் காலைப் பார்த்துத் தள்ளி வைத்து, சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.